பிரித்துத் தைத்த பட்டு

இங்கிலாந்தின் உடை மியூசியங்களில் ஒருவகைப் பட்டு கவுன் அடிக்கடி எதிர்ப்படுகிறது. துணி 1740களில் நெய்தது. தையலோ 1780களின் மோஸ்தர். இந்த நாற்பது வருஷ இடைவெளியை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில், சரித்திரம் பற்றிய நமது பார்வையே வெளிப்பட்டுவிடுகிறது.

துணியின் வயதைச் சொல்வது பெரிய காரியமல்ல. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் அப்போது பட்டு நெசவின் மையம். அங்கு வாழ்ந்த அன்னா மரியா கார்த்வெயிட் (1688 - 1763) நெசவுக்கான பூ வேலைப்பாடுகளை வரைந்து விற்றுவந்தார். அவருடைய நீர்வர்ணச் சித்திரங்கள் நூற்றுக்கணக்கில் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ளன. பலவற்றில் வருஷமும் வாங்கியவரின் பெயரும் குறித்திருக்கிறது. சித்திரத்தையும் துணியையும் அருகருகே வைத்தால் நெய்த காலம் தெரிந்துவிடும். தைத்த காலத்தை உடையின் உருவம் சொல்லும். இடுப்பின் இருபுறமும் வளையக்கூடு கட்டி அகட்டி நிறுத்திய 1740களின் பாவாடை, 1780களில் பக்கங்களில் குறுகிப் பின்புறமாகத் திரண்டது.

ஏன் மாற்றித் தைத்தார்கள்? சிக்கனம் என்பது சுலபமான பதில். அதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருந்தது. பட்டு விலையுயர்ந்தது, தைப்பவளின் கூலி அற்பம். துணியின் பன்னா சுமார் இருபது அங்குலம்தான். ஒரு கவுனுக்குப் பல கஜம் வேண்டும். எனவே 'மாண்டுவா' தையற்காரி என்று அழைக்கப்பட்ட பெண் துணியைக் கூடியவரை வெட்டவில்லை. உடுத்துபவளின் உடல்மேலேயே போட்டு மடித்தாள், கொசுவினாள். பாவாடையின் நீண்ட மூட்டுகளில் ஓட்டுத்தையல் போட்டாள். அது அவசரத்தினால் அல்ல. என்றோ ஒருநாள் இன்னொருத்தி பிரிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். பிரிப்பதற்கு இடம் வைத்தே தைத்த உடை அது.

எஜமானியின் பழைய உடை பணிப்பெண்ணுக்குச் சேர்வது வழக்கம். அவள் உடுத்தலாம், விற்கலாம். விற்றால் அது டவர் கோட்டைக்கு அருகே ரோஸ்மேரி லேனில் கூடிய ராக் ஃபேர் போன்ற பழந்துணிச் சந்தைக்குப் போகும். சாமுவேல் ரிச்சர்ட்ஸன் 1740இல் வெளியிட்ட 'பமீலா' நாவலில் இந்த வழக்கத்தின் இருட்டான பக்கம் தெரிகிறது. எஜமானி இறந்தபின் அவளுடைய உடைகளைப் பணிப்பெண் பமீலாவுக்கு மகன் கொடுக்கிறான். ஏழைப் பெற்றோரிடம் திரும்ப நினைக்கும் பமீலாவுக்கு அந்தப் பட்டு பொருந்தவில்லை. அளவு அல்ல பிரச்னை, அந்தஸ்து. முரட்டுத் துணி வாங்கித் தனக்கென்று எளிய உடை தைத்துக்கொள்கிறாள். உடுத்தத் தக்கது எது என்பது உடல் மட்டும் தீர்மானிக்கிற விஷயமல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நூறு வருஷத்துக்குப் பின், 1851இல், ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பற்றி எழுதினார். பழைய செருப்பையும் பூட்ஸையும் புதுப்பித்து விற்பவர்களைத் தெருவில் 'டிரான்ஸ்லேட்டர்' என்று அழைத்ததாகப் பதிவு செய்கிறார். மொழிபெயர்ப்பாளர்! ஒரு காலில் தேய்ந்ததை மற்றொரு காலுக்குப் பெயர்ப்பவர். நம்மில் பலர் உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கும் காரியத்துக்கு இவ்வளவு தாழ்ந்த இடத்தில் இவ்வளவு சரியான பெயர் கிடைத்திருக்கிறது.

1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை பிரிட்டனில் துணிக்கு ரேஷன் இருந்தது. முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். 1943இல் அரசாங்கம் வெளியிட்ட சிறு புத்தகம், பழையதைப் பிரித்து மறுபடி உடுத்தும் வழிகளை ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மாண்டுவா தையற்காரி அறிந்திருந்ததை இப்போது அரசாங்கம் பாடமாக்க வேண்டியிருந்தது. இடையில் துணி மலிவாகி, கை தன் ஞாபகத்தை இழந்திருந்தது.

இனி மியூசியத்துக்குத் திரும்பலாம். விக்டோரியா காலத்தில் மாறுவேட நடனங்களுக்காகப் பழைய கவுன்களை மீண்டும் பிரித்தார்கள். சில இடங்களில் வெட்டவும் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் காப்பாளர்களில் சிலர் இந்தப் பிற்காலத் தையலை நீக்கி, கவுனை அதன் 'மூல' உருவத்துக்குக் கொண்டுவர முயன்றார்கள். நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் எது மூலம்? நெய்த துணியா, முதல் தையலா? முதல் தையலைத் தேடி இரண்டாம் தையலைப் பிரிப்பவர், இரண்டாவதாக உடுத்தியவள் இருந்ததற்கான சாட்சியத்தை அழிக்கிறார். ஜானட் ஆர்னால்ட் எஞ்சிய உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த தொகுப்பு 1964இல் வந்தது. மாற்றங்களையும் குறித்துக்கொண்டே போனார் அவர். தூய வடிவம் என்ற மயக்கத்துக்கு அவருடைய அளவுகோல் இடங்கொடுக்கவில்லை.

அதற்காக மாற்றித் தைத்த எல்லாவற்றையும் கொண்டாட வேண்டியதில்லை. மடிப்பைப் பிரிக்கலாம், வெட்டைப் பிரிக்க முடியாது. ஒரு ராத்திரி நடனத்துக்காகக் கத்தரி வைத்த கைக்கும், நாற்பது வருஷம் கழித்து அதே துணியை முழுசாக விரித்து மறுபடி மடித்த கைக்கும் வித்தியாசம் உண்டு. பழையதா புதியதா என்பது இங்கு கேள்வியே அல்ல. தனக்குப் பின் வருபவள் பிரிக்க இடம் வைத்தாளா என்பதுதான் கேள்வி.

கார்த்வெயிட்டின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. சில நெசவாளர்களின் பெயர்களும் கிடைத்திருக்கின்றன. பிரித்துத் தைத்தவளின் பெயர் எந்தச் சித்திரத்தின் ஓரத்திலும் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்தால், இப்போதைய மூட்டுக்குச் சற்றுத் தள்ளி, நூல் இல்லாத ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அவள் எழுதி வைத்தது அவ்வளவுதான்.