புளியங்கொட்டையும் ஊரடங்கும்: மொரப்பூர் வட்டாரத்தின் வீட்டு விளையாட்டுகள்

தாயம், பல்லாங்குழி, பரமபதம் ஆகியவை வீட்டுக்குள் நெடுநேரம் இருக்க வேண்டிய நாட்களில் வேரூன்றிய ஆட்டங்கள். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களில் துணைக்கு வந்தது பல்லாங்குழி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் விரித்தார்கள். வெயில் ஏறிய மதியங்களில் திண்ணையில் தாயம் உருண்டது. 2020 கொரோனா ஊரடங்கில் தமிழ்நாட்டு வீடுகளில் இவை மறுபடி தலைகாட்டியது தற்செயல் அல்ல. அடைபட்ட பொழுதைக் கடத்துவது அவற்றின் பழைய வேலை.

மொரப்பூர் இருக்கும் தருமபுரி மாவட்டத்தில் இவற்றுக்கு வேண்டிய காய்க்குப் பஞ்சம் வந்ததே இல்லை. சாலையோரமும் வரப்போரமும் புளியமரம் நிற்கும் மாவட்டம் இது. தை, மாசியில் பழம் உலுக்கி, பங்குனி, சித்திரை வரை வீட்டு வாசல்களில் புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பது பெரும்பாலும் பெண்கள் கூலிக்குச் செய்யும் வேலை. கொட்டையும் வீணாவதில்லை. அதன் பருப்பை அரைத்த மாவு நூலுக்கும் சணலுக்கும் கஞ்சி போட ஆலைகளுக்குப் போகிறது. மூட்டை கட்டுமுன் பிள்ளைகள் அதில் ஒரு பிடி அள்ளிக்கொள்வார்கள்.

தாயத்துக்கு அந்தக் கொட்டையைப் பக்குவப்படுத்த வேண்டும். ஒரே அளவாகப் பொறுக்கி, சொரசொரப்பான கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ ஒரு பக்கத்தை மட்டும் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க விரல் நுனி சுடும். கருஞ்சிவப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்; மேலும் தேய்த்தால் கொட்டை மெலிந்து சரியாக உருளாது. இப்படித் தேய்த்த கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றை எண்ணுவார்கள். ஒன்று மட்டும் வெளுத்தால் தாயம். வசதியான வீடுகளில் சோழி இருந்தது, அல்லது இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று வெறுமையாகவும் மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளோடும் இருக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு.

கட்டம் வரையச் சுண்ணக்கட்டியோ அடுப்புக்கரியோ செங்கல் துண்டோ போதும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில், அதாவது மலையில், நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது என்பது பல ஊர்களின் விதி. நடுக்கட்டம் சேர்ந்த காய் பழம். குலுக்கலில் பாதி அதிர்ஷ்டம்தான். எந்தக் காயை நகர்த்துவது என்பதில் மீதி. பாட்டியும் பேரனும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டங்கள் உலகில் அதிகம் இல்லை. தாயம் அவற்றில் ஒன்று. கீழடி அகழாய்வில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருப்பதைப் பார்த்தால், காயும் கட்டமும் தமிழருக்கு எத்தனை பழைய பழக்கம் என்பது விளங்கும்.

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தோ ஆறோ கொட்டை போட்டு, ஒரு குழியை அள்ளி வரிசையாக இட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளலாம். அது வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ள வேண்டியது. தேர்ந்த கை, குழியைப் பார்த்ததுமே எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடும். எண்ணாமல் எண்ணக் கற்றுக்கொடுக்கும் ஆட்டம் இது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசப்படும் இந்த மாவட்டத்தில் அதற்கு வேறு பெயர்களும் உண்டு: தெலுங்கில் வாமன குண்டலு, கன்னடத்தில் அளகுளி மணெ. ஆப்பிரிக்கா முதல் மலேசியா வரை இதன் உறவு ஆட்டங்கள் பரவியிருக்கின்றன.

ஆடுபுலி ஆட்டம் மேய்ச்சல் நிலத்தின் வாசம் கொண்டது. மலைபோன்ற முக்கோணத்தைக் கோடுகள் வெட்ட, 23 புள்ளிகள் உண்டாகும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி விழுங்கும். ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் கட்டும். அதிர்ஷ்டத்துக்கு இங்கே இடமே இல்லை. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் செதுக்கிய இதன் கட்டங்களைத் தமிழ்நாட்டின் பல இடங்களில் இன்றும் காணலாம்.

இந்த ஆட்டங்கள் பின்வாங்கியதற்குத் தொலைக்காட்சி ஒரு காரணம். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அதைக் குடிசை வரை கொண்டுபோனது. திண்ணை வைத்த வீடுகள் இடிந்து கான்கிரீட் வீடுகள் எழுந்ததும் ஆடும் இடமே இல்லாமல் போனது. அதைவிடப் பெரிய காரணம், ஆட ஆள் இல்லாமல் போனது. வெளியூர் போக வழியும் இருந்தது: மொரப்பூர் ரயிலால் அறியப்படும் ஊர். இவ்வழியே ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பாதை 1861இல் போடப்பட்டது. மானாவாரி நிலத்தை நம்ப முடியாத குடும்பங்கள் இந்த மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போயின. வீட்டில் கிழவர்களும் குழந்தைகளும் மிஞ்சினார்கள்.

2020 மார்ச் 22 முதல் பயணிகள் ரயில்கள் நின்றன. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு. வெளியூர் போனவர்களில் முடிந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடைகளும் மதியம் 1 மணிக்கு மூடின. ஒன்று முதல் ஒன்பது வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வில்லாத் தேர்ச்சி. பத்தாம் வகுப்புக்காரர்களோ தேதி தள்ளித் தள்ளிப் போக, ஜூன் 9 அன்று தேர்வு ரத்தாகும் வரை புத்தகத்தை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இருந்தார்கள். வீட்டில் ஒரே கைபேசி, அதற்கு நான்கு பேர் காத்திருப்பு. அப்படிப்பட்ட மதியங்களில்தான் தமிழ்நாடெங்கும் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் திரும்பி வந்தன. மொரப்பூர்ப் பக்கம் அது புளி தட்டும் பருவமும்கூட. நகரவாசிகள் பலகைக்கும் காய்க்கும் கடை தேட வேண்டியிருந்தது. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய ‘கிரீடா’ போன்ற நிறுவனங்கள் அவற்றை விற்றுவருகின்றன. கிராமத்தில் மூட்டைக்குள் கையை விட்டாலே போதும்.

கூலி நின்ற வீட்டில் விளையாட்டு பசியைத் தீர்க்கவில்லை. ஏப்ரலில் அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கும் அதே வாசலில்தான் நடந்தது. இருந்தும், பல ஆண்டுகளாகப் பெரியவர்களின் நினைவில் மட்டும் கிடந்த விதிகள் பிள்ளைகளின் கைக்கு வந்தது அந்த வாரங்களில்தான். எதைத் துடைக்க வேண்டும், எப்போது பசு எடுக்க வேண்டும் என்பவை எழுதி வைத்துக் கற்பவை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாடியதும் கையைத் தட்டிவிட்டுச் சொல்லித் தர வேண்டியவை.

2021 மே 10இல் தொடங்கிய இரண்டாம் அலை ஊரடங்கு வேறு மாதிரியானது. மருத்துவமனைப் படுக்கையும் ஆக்சிஜனும் தேடி அலைந்த நாட்கள் அவை. கட்டம் வரைய மனம் வந்த வீடுகள் குறைவு. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துக் கற்பித்தார்கள். புளியமரங்களில் அடுத்த பருவத்துக் காய் அப்போது முற்றிக்கொண்டிருந்தது.