அரசாங்கக் குத்தகை: கைமுதலும் கணக்கும் சரியாக இருந்தால்தான் காசு

பாயான் லெப்பாஸ் - அரசாங்க டெண்டர் கிடைத்துவிட்டால் காசு கொட்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடையே இன்னமும் உள்ளது. உண்மையில் வேலையும் செலவும் முதலில் வரும், பணம் கடைசியில்தான் வரும். இந்த இடைவெளியைத் தாங்க முடியாத சிறு குத்தகையாளர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

1972இல் தொடங்கிய தடையற்ற வாணிபப் பகுதியால் பாயான் லெப்பாஸைத் தொழிற்சாலை வட்டாரமாகவே பலரும் அறிவர். ஆனால் பள்ளி, கிளினிக், அரசாங்க அலுவலகம் என எல்லா இடத்திலும் துப்புரவு, பாதுகாவல், பழுதுபார்ப்பு வேலைகளும் உண்டு. சிறு நிறுவனம் நடத்தும் தமிழர்களும், தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களின் பெண்களும் இக்குத்தகைகளை நம்பியிருக்கின்றனர்.

பதிவு

பொருள், சேவை வழங்குவோர் நிதியமைச்சின் இ-பெரோலேஹான் முறையில் பதிய வேண்டும். இப்பதிவு 3 ஆண்டுகளுக்குச் செல்லும். கட்டுமான வேலைக்குச் சிஐடிபி பதிவு கட்டாயம். அதில் ஜி1 தொடங்கி ஜி7 வரை தரநிலைகள் உள்ளன. தரநிலையைப் பொறுத்தே எவ்வளவு மதிப்புள்ள வேலையை எடுக்கலாம் என்பது முடிவாகும்.

கைமுதல் எவ்வளவு?

ஓராண்டுக்கு 600,000 ரிங்கிட் மதிப்புள்ள துப்புரவுக் குத்தகையை எடுத்துக்கொள்வோம். 500,000 ரிங்கிட்டைத் தாண்டும் சேவைக் குத்தகைக்கு 5 விழுக்காடு செயலாக்க உத்தரவாதம் வேண்டும். அது 30,000 ரிங்கிட். வங்கி உத்தரவாதமாகத் தரலாம். ஆனால் புதிய நிறுவனத்திடம் வங்கி வைப்புத்தொகை கேட்கக்கூடும்.

20 தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வீதம் மாதம் 34,000 ரிங்கிட். முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 4,420 ரிங்கிட். சொக்சோ, சோப்பு, இயந்திரம் சேர்க்காமலேயே மாதம் 38,420 ரிங்கிட் ஆகிறது.

ஜனவரி மாதச் சம்பளத்தை பிப்ரவரி 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். இபிஎஃப் தொகைக்கு 15ஆம் தேதி கெடு. அரசாங்கமோ முழுமையான, சரியான பில் கிடைத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பதே விதி. ஒரு தாள் குறைந்தாலும் பில் திரும்பி வரும், 14 நாள் கணக்கும் மறுபடி தொடங்கும். அதற்குள் பிப்ரவரி மாதச் சம்பள நாள் வந்துவிடும். எனவே குறைந்தது இரண்டு மாதச் செலவு, ஏறக்குறைய 77,000 ரிங்கிட், கையில் இருக்க வேண்டும்.

கைமுதல் போதாதவர்கள் டெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவியை விசாரிக்கலாம். டெண்டரில் கலந்துகொள்ளும் முன்பே இதைச் செய்வது நல்லது.

பில்லோடு என்னென்ன?

துப்புரவு, பாதுகாவல் குத்தகைகளில் பொதுவாக வருகைப் பதிவு, பள்ளி அல்லது அலுவலகத்தின் உறுதிக் கையொப்பம், சம்பளம் கொடுத்த சான்று, இபிஎஃப், சொக்சோ ரசீது ஆகியவை கேட்கப்படும். ஒவ்வொரு குத்தகைக்கும் தனிக் கோப்பு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குத்தகையின் பணத்தை எடுத்து இன்னொன்றின் கடனை அடைக்கத் தொடங்கினால் கணக்கு பிடிபடாமல் போகும்.

தொழிலாளியிடம் பிடித்த இபிஎஃப் தொகையைக் கட்டாமல் விடுவது குற்றம். நிறுவனத்தின் இயக்குநர்களும் சொந்த முறையில் அதற்குப் பொறுப்பேற்க நேரிடும். அனுமதியின்றிக் குத்தகையை வேறொருவருக்குக் கைமாற்றினால் பதிவே பறிபோகலாம்.

கட்டுமான வேலையில் பணம் நின்றால்

கட்டுமானத் துறைக்கு 2012ஆம் ஆண்டுப் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம் துணை நிற்கிறது. 2014 ஏப்ரல் 15 முதல் அது அமலில் உள்ளது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருந்தால் துணைக் குத்தகையாளரும் இதன்கீழ் கோரிக்கை வைக்கலாம். ‘எனக்கு மேலே இருந்து வந்தால்தான் உனக்குத் தருவேன்’ என்ற நிபந்தனை இச்சட்டப்படி செல்லாது. துப்புரவு, பாதுகாவல் குத்தகைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், அவர்களுக்கு ஒப்பந்தத் தாளும் கோப்புமே பாதுகாப்பு.

தொழிலாளர்கள் கவனிக்க

சம்பளச் சீட்டில் இபிஎஃப் பிடித்தம் காட்டப்பட்டிருந்தால் மட்டும் போதாது. ஐ-அக்கவுன் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு இபிஎஃப் அலுவலகத்தை நாடலாம். சம்பளமே வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். குத்தகை கைமாறி, பழைய நிறுவனம் கிளம்பிய பிறகு தேடுவது சிரமம்.