டப்பட் சத்தமும் யாழ்ப்பாணத்து ஒஸ்ரினும்

எம்.ஜி.பி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தாழ்வான உடம்பு, முன்னால் இரண்டு இருக்கை, திறக்கிற கூரை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்கு வந்தது. இன்றும் கோடை தொடங்கினால் ஸ்காபரோ வீதிகளில் ஒன்றிரண்டு ஓடும். அந்தக் காருக்கும் உங்கள் அம்மப்பாவின் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. அது எஞ்சின் வழி வந்த சொந்தம்.

1952இல் ஒஸ்ரின், மொறிஸ் என்ற இரண்டு பெரிய பிரித்தானியக் கார்க் கம்பனிகள் சேர்ந்து பி.எம்.சி. ஆகின. ஒரே எஞ்சினைப் பல கார்களில் பூட்டினால் செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி வந்ததுதான் ‘பி-சீரிஸ்’: நாலு சிலிண்டர், எட்டு வால்வு, 1489 சி.சி. 1954இல் அது ஒஸ்ரின் ஏ-50 கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலும் ஏறியது. அடுத்த வருடம் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியது. எம்.ஜி.பி.யில் இருப்பது அதையே 1798 சி.சி. ஆக்கி, இரண்டு கார்பரேற்றர் வைத்தது. இந்தியாவின் அம்பாசடர் காரும் பல ஆண்டுகள் இந்த 1489 சி.சி. எஞ்சினில்தான் ஓடியது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பளபளப்பை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது குடும்பக் காரின் எஞ்சின்.

அந்தக் குடும்பக் கார்கள் இலங்கைக்கும் வந்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு இறக்குமதியை இறுக்கியது. 1977 வரை புதுக் கார் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாத பொருள். ஆகவே, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் ஹயர் கார்களாக உழைத்தன. கலியாணம், கோயில், ஆசுபத்திரி எல்லாவற்றுக்கும் அவைதான்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் எதையும் கொண்டுபோக முடியாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கார்களின் கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை.

கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் மலிவாகக் கிடைக்கவில்லை, ஆனாலும் கிடைத்தது. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினைத் தொடக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி இல்லாத காருக்கு முன்னால் கைபிடி போட்டுச் சுற்றுவார்கள். இது கண்மூடித்தனமான வேலை அல்ல. பிரித்தானியாவில் 1949இல் வந்த ஒரு வகை பெர்குசன் டிராக்டர் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயைப் போன்ற எரிபொருளுக்கு மாறும்படியே செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைக் குடும்பக் காரில், உதிரிப்பாகம் இல்லாமல் செய்தார்கள்.

பழைய கார்கள் இதைத் தாங்கியதற்குக் காரணம் உண்டு. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எவ்வளவு இறுக்கப்படுகின்றன என்பதை அமுக்க விகிதம் என்போம். முதல் எம்.ஜி.பி.யில் அது 8.8க்கு 1. ஏ-50 போன்ற கார்களில் 7க்கு 1 என்பதை ஒட்டி இருந்தது. மண்ணெண்ணெயை அதிகம் இறுக்கினால் அது நேரம் தப்பி வெடிக்கும்; எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். குறைந்த அமுக்கமுள்ள எஞ்சின் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை மெலிதாக்கும். மெலிந்த எண்ணெயில் எல்லாப் பாகமும் வேகமாகத் தேயும்.

அப்போதுதான் சத்தம் பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்பு. ‘டிக் டிக்’ என்பது வால்வு இடைவெளி கூடியதால் வந்த டப்பட் சத்தமா, பேரிங் போகப்போகிற சத்தமா? முதலாவது என்றால் அரை மணி நேர வேலை. இரண்டாவது என்றால் அந்தக் காரில் இரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஒருவரை ஏற்றக்கூடாது. தேவையில்லாமல் எஞ்சினைக் கழற்றினால், கிழிந்துபோகிற காஸ்கட்டுக்குப் பதில் காஸ்கட் கிடையாது.

இந்த அறிவு எப்படி வேலை செய்யும் என்பதை நான் வோபர்னில் பார்த்தேன். என்னோடு வேலை செய்பவர் ஒருவரிடம் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இருக்கிறது. எஞ்சினில் டிக் டிக் சத்தம். ஒரு கராஜில் முழு எஞ்சினையும் பிரிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓர் ஐயாவை நான் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கராஜ் வேலை செய்தவர். பொனற்றைத் திறந்ததும் சிரித்தார். “உது எங்கடை கேம்பிரிட்ஜின்ரை தம்பியெல்லோ.”

முதலில் எஞ்சினைத் தொடக்காமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். பின்பக்கம் டிக் டிக் என்று கேட்டு நின்றது. அது மின்சாரப் பெற்றோல் பம்ப், சுகமாக இருக்கிறது. பிறகு எஞ்சினைத் தொடக்கினார். சூடேறியும் சத்தம் குறையவில்லை. புகைக்குழாய் இணைப்பில் காற்றுக் கசிந்தால், இரும்பு சூட்டில் விரிந்ததும் சத்தம் பெரும்பாலும் அடங்கும்.

“தம்பி, எங்கையிருந்து வருதெண்டு முதல் தேடாதையும். எத்தினை தரம் வருதெண்டு கேளும்.”

இதுதான் முக்கியம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றும்போது கிராங்க் தண்டு செக்கனுக்கு 13 தடவை சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அதில் பாதி வேகம்தான். சத்தம் பாதி வேகத்தில் வந்தால் குற்றம் பெரும்பாலும் மேலே, வால்வுப் பக்கம். பிறகு ஒவ்வொரு பிளக் வயரையும் கழற்றிப் பார்த்தார். பேரிங் சத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலையை நிறுத்தியதும் மாறும். இது மாறவில்லை. நீளமான திருகாணியின் பிடியைக் காதில் வைத்து, நுனியால் மூடியைத் தொட்டுத் தொட்டு ஆறாவது வால்வில் வந்து நின்றார்.

மூடியைக் கழற்றி நான் அளவுத் தகட்டை விட்டேன். கையேடு சொல்வது 0.015 அங்குலம். அளந்தது அதேதான். ஐயா றொக்கரின் நுனியைக் காட்டினார். வால்வு தட்டித் தட்டி அதில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. “தகடு பள்ளத்துக்கு மேலை பாலம் மாதிரிக் கிடக்குது. உள்ளை இடைவெளி கூட.” தகட்டின் கணக்கில் குறையில்லை, குறை காதுக்குத்தான் தெரிந்தது. அந்த றொக்கரை மாற்றினோம்.

இடைவெளி வைக்கும்போது ஒரு சூத்திரமும் சொல்லித்தந்தார். எட்டு வால்வுகளில் மூன்றாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஆறாவதைச் சரிசெய். எட்டாவது திறந்திருந்தால் முதலாவதை. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. மெக்கானிக்குகள் எல்லா நாட்டிலும் பாவிக்கும் விதிதான். அவர் அதைப் பதினாறு வயதில், படிக்காமல், கையால் பழகினார்.

நான் பொறியியலில் முதுகலை முடித்தவன். வேலையில் சர்வர் பழுது தேடுவதும் இதே முறைதான்: சத்தம் வரும் இடங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போவது. எங்களுக்கு அதற்குப் பதிவேடு இருக்கிறது. தடைக்காலத்துக் கராஜ்களின் பதிவேடு மனிதர்களின் காதில் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். பெரும்பாலானோர் நடந்தார்கள், சைக்கிள், டிராக்டர், பழைய கார்களிலும் போனார்கள். அந்தக் கார்களின் சக்கரம் சுற்றியதற்குப் பின்னால் ஐந்து வருட மண்ணெண்ணெய் வேலை இருந்தது. போர் வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்கு இடம் குறைவு.

அந்தக் கைகளில் சில இன்று ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில், எழுபது எண்பது வயதில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருந்தால் “போர்க்காலம் எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: எந்தக் கார்? பெற்றோலை எதில் வைத்திருந்தீர்கள்? காஸ்கட்டுக்கு என்ன வெட்டினீர்கள்? எந்தச் சத்தம் கேட்டால் பயப்படுவீர்கள்? தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொல்லால் மட்டும் பதில் தரமாட்டார்கள். வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவார்கள். அதையும் சேர்த்துப் பதியுங்கள்.