பதுளைத் தூணும் கொஸ்லந்த லயமும்

ஊவாவின் தலைநகராகிய பதுளை, பல காலத்துச் சான்றுகளைச் சிறியதொரு சுற்றெல்லையினுள் பேணிவைத்திருக்கும் பழம்பதியாகும். புத்தர் எழுந்தருளிய தலமெனப் பௌத்தர் போற்றும் முத்தியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் இந்நகரின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னர் எழுந்த புனித மாற்கு ஆலயமோ, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. 1924இல் புகையிரதப் பாதையும் இந்நகரை வந்தடைந்தது.

இவற்றுள் வரலாற்று மாணவரின் கருத்தைச் சிறப்பாக ஈர்க்க வேண்டியது பதுளைத் தூண் கல்வெட்டாகும். மகியங்கனையை அடுத்த சொரபொரவில் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் பதுளைக்குக் கொணரப்பட்ட இத்தூண், 10ஆம் நூற்றாண்டில் உதயன் என்னும் மன்னன் காலத்தது. மன்னன் மகியங்கனை விகாரைக்கு வந்தபோது, ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடியானவரும் அதிகாரிகளின் முறையற்ற வரியறவீட்டைக் குறித்து முறையிட்டனர். அதன் பயனாகச் சந்தையை ஒழுங்குசெய்யும் விதிகள் கல்லிலே பொறிக்கப்பட்டன. ஊரைக் கடந்து செல்லும் பொருளுக்குச் சுங்கம் கொள்ளலாகாது. போயா நாளில் வணிகம் நடத்தலாகாது. முத்திரையிடாத அளவைகளைக் கையாளலாகாது என்பன அவற்றுட் சில. மன்னரின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுகள் பலவுள. எளியோரின் முறைப்பாடு ஆணையாக மாறியதைக் கூறும் கல்வெட்டுகள் மிகச் சிலவே.

பதுளை மாவட்டத்தின் தென்புறத்தே, பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்குச் செல்லும் வீதியில் அமைந்தது கொஸ்லந்த. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் பழைய குடியிருப்புகள் உள. கோப்பிக்கும் தேயிலைக்குமெனத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லயங்களே அவை. அவற்றின் வரலாற்றைக் கூறுதற்கு அங்கே தூண் எதுவும் நாட்டப்படவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தன, பலர் மாண்டனர். அப்பகுதி ஆபத்தானதென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எனினும், தமக்கெனக் காணியுரித்தற்ற அம்மக்கள் குடிபெயர்தற்கு வேறிடம் இருக்கவில்லை. உயிர்தப்பியோருக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இலேயே.

ஹோபிட்டிகம மக்களின் குரல் கேட்கப்பட்டமையால் கல்லில் நிலைபெற்றது. மீரியபெத்தை பற்றிய எச்சரிக்கையோ காகிதத்தோடு நின்றுவிட்டது. பழம்பதிகளை ஆராய்வோர் தூண்களோடும் கோபுரங்களோடும் அமைந்துவிடாது, லயங்களையும் வரலாற்றுக்குரிய குடியிருப்புகளாகக் கொண்டு, அவற்றில் வாழ்வோரின் நினைவுகளைத் தொகுத்தல் வேண்டும். மண் மூடிய பின்னர் அவற்றுக்குச் சான்று தேடுதல் அரிதாகும்.