ஞாயிற்றுப் புயலும் கியூபெக் மின்தடையும்

1859 செப்டெம்பர் முதலாந் திகதி ஆங்கில வானியலறிஞர் றிச்சர்ட் கரிங்டன் ஞாயிற்றின் மேற்பரப்பிற் பேரொளி ஒன்றைக் கண்டார். மறுநாள் தந்திக் கம்பிகளிற் புறமின்னோட்டம் பாய்ந்து சேவை குழம்பிற்று. நீண்ட கம்பிகள் ஞாயிற்றின் சீற்றத்துக்கு இலக்காகும் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்திய பாடமாகும்.

மின்வலு யுகத்தில் அப்பாடம் போதியளவு பேணப்படவில்லை. 1989 மார்ச் 13ஆந் திகதி எழுந்த காந்தப் புயலாற் கனடாவின் கியூபெக் மாகாண மின்வலையமைப்பு ஏறக்குறைய 90 செக்கன்களில் வீழ்ந்தது. அறுபது இலட்சம் மக்கள் 9 மணித்தியாலம் மின்சாரமின்றி இருந்தனர். மின்னை எளிதிற் கடத்தாத அடிப்பாறை, நிலத்தில் எழுந்த மின்னோட்டத்தை நெடுந்தூரக் கம்பிகளுக்குத் திருப்பிவிட்டமையே இதற்கு முக்கிய காரணம்.

அதன்பின் காப்புக் கருவிகள் திருத்தியமைக்கப்பட்டன. கம்பிகளில் தொடர் கொள்ளளவிகள் இணைக்கப்பட்டன. 2024 மே மாதத்திற் பெரும் புயலொன்று மீண்டும் தாக்கியபோது கியூபெக்கின் வலையமைப்பு நிலைகுலையவில்லை. ஞாயிற்றின் சீற்றத்தைத் தடுத்தல் இயலாதெனினும், முன்னாயத்தத்தால் அதனைத் தாங்குதல் இயலும் என்பது இவ்வரலாற்றால் அறியப்படும்.