வெளிநாட்டில் ஆர்டர் செய்த சிகரெட்டைச் சுங்கத்துறை பிடித்துவிட்டதா? அடுத்து என்ன?

இணையத்தில் ஒரு கார்ட்டன் சிகரெட் 20 வெள்ளிக்குக் கிடைக்கிறது. "வீட்டு வாசலுக்கே வரும், பிரச்சினை இல்லை" என்கிறார் விற்பவர். சிங்கப்பூர்க் கடையில் ஒரு பாக்கெட்டின் விலையே எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆசை வருவது இயல்பு.

ஆனால் பார்சல் வரவில்லை. சுங்கத்துறையிடமிருந்து தகவல் வருகிறது.

"சரி, பார்சல் போச்சு. 20 வெள்ளி நட்டம், அவ்வளவுதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை. பொருள் பறிபோவது ஒரு பக்கம். வரி கட்டாத புகையிலைப் பொருளை உங்கள் பெயரில் வரவழைத்தது தனிக் குற்றம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், விற்பவர் அல்ல.

ஏன் பிடிக்கிறார்கள்?

சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிச்சலுகையே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் தீர்வையும் பொருள், சேவை வரியும் கட்ட வேண்டும். பிரித்த பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் நாலு சிகரெட்டுக்கும் அதே விதிதான்.

இங்கே பலர் குழம்புவது 400 வெள்ளி வரம்பில். தபாலிலோ விமானத்திலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு இறக்குமதியின்போது பொருள், சேவை வரி விலக்கு உண்டு. ஆனால் மதுபானமும் புகையிலையும் அந்த விலக்கில் சேராது. 10 வெள்ளிப் பொருளாக இருந்தாலும் வரி உண்டு. பார்சல்மீது "பரிசு" என்று எழுதியிருந்தாலும் வரி உண்டு.

தபாலிலும் கூரியரிலும் வரும் பார்சல்களைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணைய அதிகாரிகள் ஊடுகதிர்க் கருவியில் பார்க்கிறார்கள். அட்டைப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய பாக்கெட்டுகளைத் திரையில் அடையாளம் காண்பது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. சிக்கியதும் வழக்கு சுங்கத்துறைக்குப் போகிறது.

வரி எவ்வளவு வரும்?

2023 வரவுசெலவுத் திட்டத்தில் புகையிலைத் தீர்வை 15 விழுக்காடு கூடியது. அதன்படி அப்போது ஒரு சிகரெட்டுக்கு 49.1 காசு ஆனது. அந்த விகிதத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கார்ட்டனில் 200 சிகரெட். தீர்வை மட்டும் 98 வெள்ளி 20 காசு.

பொருளின் விலை, அனுப்பும் செலவோடு சேர்த்து 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் தீர்வையைக் கூட்டினால் 118 வெள்ளி 20 காசு. அந்த மொத்தத் தொகைமீது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. அது சுமார் 10 வெள்ளி 64 காசு.

ஆக வரி மட்டுமே சுமார் 108 வெள்ளி 84 காசு. 20 வெள்ளிப் பொருளுக்கு ஐந்து மடங்குக்கு மேல்! "மலிவு" என்பது வரியைக் கட்டாமல் விட்டால் மட்டும்தான். தீர்வை விகிதம் மாறக்கூடியது என்பதால், நடப்பு விகிதத்தைச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டனை எப்படி இருக்கும்?

ஏய்த்த தீர்வை, பொருள், சேவை வரி ஆகியவற்றின் மொத்தத்தில் 40 மடங்கு வரை அபராதம் விதிக்கப்படலாம். 6 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் கிடைக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மேலே பார்த்த ஒரே ஒரு கார்ட்டனுக்கு 40 மடங்கு என்றால் 4,350 வெள்ளியைத் தாண்டும். அது உச்ச அளவு. எல்லாருக்கும் அவ்வளவு விழும் என்று அர்த்தமில்லை. எத்தனை சிகரெட், முதல் முறையா, விற்பதற்கா, சொந்த உபயோகத்துக்கா என்பதையெல்லாம் பார்ப்பார்கள்.

சில வழக்குகளில் நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு தொகையைச் செலுத்தி முடித்துக்கொள்ள சுங்கத்துறை வாய்ப்புத் தரலாம். அதைச் சமரசத் தொகை என்பார்கள். அந்த வாய்ப்பைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் முடிவு. நாம் உரிமையாகக் கேட்க முடியாது. கொடுத்தால், சொன்ன தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

உங்களுக்கு வயது 21 ஆகவில்லையா? அப்படியென்றால் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2021 ஜனவரி 1 முதல் சிகரெட் வாங்கவும் வைத்திருக்கவும் புகைக்கவும் குறைந்தபட்ச வயது 21.

கடிதமோ அழைப்போ வந்தால் என்ன செய்யலாம்?

முதலில், அது உண்மையானதா என்று பாருங்கள். சுங்கத்துறை பெயரிலும் தபால் நிறுவனங்களின் பெயரிலும் மோசடிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. "உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்" என்று வந்தால் தட்டாதீர்கள். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார்கள். வங்கி விவரமோ சிங்பாஸ் கடவுச்சொல்லோ கேட்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். சுங்கத்துறையின் எண்ணை அதன் இணையத்தளத்திலிருந்து நீங்களே எடுத்து அழையுங்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணை நம்பாதீர்கள்.

கடிதம் உண்மை என்று தெரிந்தால், ஒதுக்கி வைக்காதீர்கள். அதில் போட்டிருக்கும் தேதியையும் வழக்கு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "கண்டுக்காம விட்டா மறந்துடுவாங்க" என்பது நடக்காது.

ஆர்டர் செய்த பக்கம், பணம் கட்டிய ரசீது, விற்பவருடன் பேசிய குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எதற்காக என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரமே அதுதான். அழித்தால், மறைக்கப் பார்த்ததாகத்தான் தெரியும்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். சுங்க அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுப்பதே தனிக் குற்றம். உங்கள் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால், கையெழுத்துப் போடும் முன் முழுசாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் சரளம் இல்லாத அப்பா அம்மா பெயரில் பார்சல் வந்திருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அளவு அதிகம் என்றாலோ, நீதிமன்ற ஆணை வந்தாலோ வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

விற்பவர் "கவலை வேண்டாம், இன்னொரு பார்சல் இலவசமா அனுப்புறேன்" என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டாவது பார்சலும் உங்கள் பெயரில்தான் வரும்.

"வரியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ள முடியாதா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வரி கட்டும் வாய்ப்பு பொருள் வருவதற்கு முன்னால் இருந்தது. தீர்வை உள்ள பொருளைத் தபாலிலோ கூரியரிலோ வரவழைக்கச் சுங்க அனுமதி எடுத்து, வரியைச் செலுத்தியிருக்க வேண்டும். பிடிபட்ட பிறகு "இப்போ கட்டுறேன்" என்பதால் குற்றம் மறையாது.

பயணத்தின்போது கையோடு கொண்டுவருவோருக்கு வழி தெளிவு: சோதனைச்சாவடியில் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லுங்கள், வரியைக் கட்டுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்காக முகவரி கொடுக்கலாமா?

கூடாது. "என் வீட்டில் அம்மா பார்த்துடுவாங்க, உன் அட்ரஸுக்குப் போடட்டுமா?" என்று நண்பர் கேட்டால், உதவி மாதிரித்தான் தெரியும். ஆனால் பார்சல்மீது உங்கள் பெயர். முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள். வரி கட்டாத சிகரெட்டை வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும், பிறருக்காகப் பெற்றுக்கொடுப்பதும் குற்றம்தான். டெலிகிராமில் "பார்சல் வாங்கிக் கொடுத்தால் காசு" என்று வரும் பகுதிநேர வேலைகளும் இதே வகை.

நீங்கள் ஆர்டரே செய்யாத பார்சல் வந்திருந்தால், யாருக்கும் கொடுக்காதீர்கள். 1800 233 0000 என்ற சுங்கத்துறை எண்ணில் தகவல் சொல்லுங்கள்.

வரி கட்டினாலும் வரக்கூடாதவை

ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் பார்சலிலும் கவனம் தேவை. மெல்லும் புகையிலை, குட்கா, கைனி, ஜர்தா ஆகியவை சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டவை. தாத்தாவுக்காக என்று இரண்டு பொட்டலம் வைத்தாலும் சட்டம் ஒன்றே. பீடிக்குத் தீர்வை உண்டு. மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். இவற்றுக்கு "வரி கட்டுகிறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெட்டி கட்டும் முன்பே ஊரில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அங்கே பெட்டிக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பதால், இங்கே தடை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

விலைக்காகவே வெளிநாட்டுப் பார்சலைத் தேடும் நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், புகைப்பதை நிறுத்த உதவும் எண் 1800 438 2000. கேட்பதற்குக் கட்டணம் இல்லை.