மலிவு விலையில் மடங்கும் கூரை கார்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிய பெரோடுவா மைவி ஒன்றை வாங்க ஏறக்குறைய 50,000 ரிங்கிட் ஆகிறது. அதே பணத்தில், சில வேளைகளில் அதில் பாதிப் பணத்தில், மெர்சிடிஸ் கார் ஒன்றையே வாங்கிவிடலாம். அதுவும் பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்பெட்டிக்குள் போய்விடும் கார். 15, 20 ஆண்டுகள் ஓடிய கார், அது மட்டும்தான் வித்தியாசம் என்பார் விற்பவர்.

வித்தியாசம் அதோடு முடிவதில்லை. 'கன்வெர்டிபிள்' எனப்படும் மடங்கும் கூரை கார் மீது, சம்பளம் வாங்கத் தொடங்கிய நம் இளைஞர்கள் பலருக்கு ஒரு கண். வீட்டுப் பெரியவர்களுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே கோபம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வாங்க நினைப்பவர்களும் வேண்டாம் என்று தடுப்பவர்களும் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

துரை காலத்துக் கார்

கூரை திறந்த கார் தொடக்கத்தில் ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. 1920-களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்கள் திறந்தவையே. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நிலையான கூரை உள்ள காருக்குத்தான் அன்று விலை அதிகம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிய கார்களின் விலை இறங்கி அவை சாதாரணமாகிவிட்டன. திறந்த கார் பொழுதுபோக்குக்கு உரியதாக மாறியது.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் காரில் வலம் வந்தவர் துரை. நடந்தும் சைக்கிளிலும் போனவர்கள் நம்மவர்கள். 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் போன்ற சிறிய கார்கள்தான் பிற்பாடு ஆசிரியர், கிராணிமார் வீட்டு வாசல்களுக்கும் வந்தன. அந்த மோரிஸ் மைனரிலும் துணிக்கூரை மடங்கும் வகை ஒன்று இருந்தது.

1970-களில் இந்த வகைக் கார் ஏறக்குறைய அழிந்தே போனது. கார் உருண்டால் தலைக்கு மேல் பாதுகாப்பில்லை என்பதால் அமெரிக்காவில் தடை வரலாம் என்று நிறுவனங்கள் அஞ்சின. 1976-ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ, அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்றே விளம்பரம் செய்யப்பட்டது.

அதற்கு மறுவாழ்வு கொடுத்தது ஜப்பான். 1989-இல் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரை அறிமுகப்படுத்தியது. ஏறக்குறைய 1,000 கிலோ எடை, 1.6 லிட்டர் இஞ்சின், இரண்டே இருக்கை, நடுத்தர வருமானத்துக்கு எட்டும் விலை. 2016-இல் அதன் 10 லட்சமாவது கார் வெளிவந்தது. 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே, எஃகுக் கூரையே 25 விநாடிகளில் மடியும் என்று காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் பெஜோ நிறுவனம் அதே வித்தையை 206 சிசி என்ற சிறிய காருக்குக் கொண்டு வந்தது. இங்கு 'சிசி' என்பது இஞ்சின் அளவைக் குறிப்பதன்று. 'கூப்பே கேப்ரியோலே' என்ற பெயரின் சுருக்கம்.

அன்று புதிதாக விற்ற இந்தக் கார்களே இன்று பழைய கார் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஆசையும் ஊர்வாயும்

வேகம்தான் இந்தக் கார்களின் கவர்ச்சி என்று நினைப்பது தவறு. பல மாடல்கள் சாதாரண இஞ்சின் கொண்டவை. கூரை இல்லாதபோது 60 கிலோமீட்டர் வேகமே பெரிய வேகமாகத் தெரியும். பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்கோ, காப்பார் தாண்டி சிகிஞ்சான் வயல்வெளிக்கோ காலை 7 மணிக்குள் புறப்பட்டால், செம்பனைத் தோட்டத்து ஈர வாசனையும் காற்றும் நேராக முகத்தில் படும். மூடிய காரில் ஏர்கோன் போட்டுக்கொண்டு போகிறவருக்கு அது கிடைக்காது.

இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். துரையின் காருக்கு வழிவிட்டு ஓரம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், அதே மாதிரிக் காரில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்க ஆசைப்படுவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஊர் வாய் அப்படிப் பேசுவதில்லை. 'காட்டிக்கொள்ள வாங்கியது', 'கடன்காரன் கார்', 'எப்படி வந்தது இவ்வளவு பணம்?' என்று பேச்சு கிளம்பும். நேர்மையாக உழைத்து வாங்கியவரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் எம்எக்ஸ்-5 போன்ற கார்களை முடிதிருத்துநர் கார் என்று நெடுங்காலம் கேலி செய்தார்கள். அந்தக் கேலியைப் பொருட்படுத்தாமல் வாங்கியவர்களால்தான் அது உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஆனது.

பெரியவர்களின் கவலையில் கவனிக்க வேண்டியது பணக் கணக்கு. காருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் அதுதான்.

ஏன் இவ்வளவு மலிவு?

வெளிநாட்டுக் கார்கள் நம் நாட்டில் புதிதாக விற்கும்போது இறக்குமதி வரியோடு 60 முதல் 105 விழுக்காடு வரையிலான கலால் வரியும் விலையில் சேர்ந்துவிடும். வயதாக ஆக அந்த விலை வேகமாகச் சரியும். இரண்டு இருக்கை காரைக் கேட்டு வருபவர்களும் குறைவு. வயதான காருக்கு வங்கி கடன் தரத் தயங்கும். ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும் என்றால் விலை தானாக இறங்கிவிடும்.

சாலை வரியோ காரின் வயதைப் பார்ப்பதில்லை. இஞ்சின் அளவைத்தான் பார்க்கும். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் பதிவான கார்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு ஆகும்:

டைஹட்சு கோப்பன், 659 சிசி: 20 ரிங்கிட்
மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர்: 90 ரிங்கிட்
மெர்சிடிஸ் எஸ்எல்கே 200 கே (2004-இல் வந்த மாடல்), 1,796 சிசி: சுமார் 278 ரிங்கிட்
மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 கே, 2,295 சிசி: 675 ரிங்கிட்
மெர்சிடிஸ் எஸ்எல்கே 350, 3,498 சிசி: 4,371 ரிங்கிட்

எஸ்எல்கே 200-உம் 350-உம் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே கார்தான். 350 மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடிப்போய் வாங்குபவர், ஆண்டுதோறும் நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் சாலை வரி மட்டும் கட்ட வேண்டியிருக்கும்.

காரின் விலை இறங்கினாலும் உதிரிபாகங்களின் விலை அதோடு சேர்ந்து இறங்குவதில்லை. லட்சக்கணக்கில் விற்ற காருக்கு அந்தத் தரத்து விலையில்தான் பாகம் வரும். யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. கட்டித் தீனி போடுவது தினச் செலவு.

இதில் எம்எக்ஸ்-5 சற்று விதிவிலக்கு. கூரையைக் கையால் மடிக்கும் எளிய அமைப்பு என்பதால் கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. அதனாலேயே நல்ல நிலையில் உள்ள பழைய எம்எக்ஸ்-5 மலிவாகவும் கிடைப்பதில்லை.

கூரையைத்தான் வாங்குகிறீர்கள்

சாதாரணப் பழைய காரில் இஞ்சினையும் கியரையும் பார்ப்போம். இந்த வகைக் காரில் முதலில் பார்க்க வேண்டியது கூரை. எஸ்எல்கே, 206 சிசி போன்றவற்றில் மின்பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தி, அந்த அழுத்தத்தால் கூரையை நகர்த்துகிறது. பம்பு, எண்ணெய்க் குழாய், உணர்கருவிகள், பூட்டுகள் ஆகியவற்றில் ஒன்று பழுதானாலும் கூரை பாதியில் நின்றுவிடும். அதைச் சரிசெய்யும் செலவு, கார் வாங்கிய விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும். எல்லாப் பட்டறையிலும் அந்த வேலை தெரிந்தவர் இருக்கமாட்டார்.

நம் வெயில் ரப்பர் விளிம்புகளை உலர்த்தி வெடிக்க வைக்கும். துணிக்கூரையில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பின்கண்ணாடி மங்கிவிடும். கூரையில் விழும் மழைநீர் வெளியேறச் சிறிய வடிகால் துளைகள் உண்டு. இலையும் தூசும் அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரையடி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய எம்எக்ஸ்-5 கார்களில் கதவுக்குக் கீழுள்ள பகுதி துருப்பிடிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பார்க்கப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

• இஞ்சினை ஓடவிட்டு, கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். நடுவில் தயங்கினாலோ விட்டுவிட்டு நகர்ந்தாலோ பழுது தொடங்கிவிட்டது என்று பொருள்.
• கூரையை மூடிவிட்டு, தண்ணீர்க் குழாயால் கண்ணாடி விளிம்புகளில் ஐந்து நிமிடம் நீர் ஊற்றுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து கையால் தடவிப் பாருங்கள்.
• கால்விரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் உள்ளதா என்று பாருங்கள். பின்பெட்டியின் தரையையும் தூக்கிப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு அங்கே தெரியும்.
• இருக்கை வார்ப்பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம்.

கடைசிக் குறிப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் மிக முக்கியம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் கிடந்த காரைக் கழுவி மெருகேற்றி விற்பது புதிதல்ல. மின்னிணைப்புகள் நிறைந்த மடங்கும் கூரை காருக்குச் சேற்றுத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி இல்லை.

உரிமை மாற்றத்துக்கான புஸ்பகோம் பி5 சோதனை, காரின் அடையாளத்தையும் அடிப்படைப் பாதுகாப்பையும் பார்ப்பது. கூரை ஒழுகுமா என்று அது சொல்லாது. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போவதே நல்லது.

கத்தரிக்கோல் விலையில் வரும் கார்கள்

சந்தை விலையைவிடப் பாதிக்குப் பாதி குறைவாக ஒரு கார் வந்தால் மூன்று சாத்தியங்கள் உண்டு. மூன்றுமே ஆபத்து.

முதலாவது 'சம்புங் பாயார்'. தவணை கட்ட முடியாதவர், மீதித் தவணையைக் கட்டச் சொல்லிக் காரை உங்களிடம் கொடுப்பார். 1967-ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்முதல் சட்டப்படி, தவணை முடியும் வரை காரின் உரிமையாளர் வங்கி. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் காரை இன்னொருவர் கைக்கு மாற்றுவது சட்டவிரோதம். நீங்கள் ஒழுங்காகக் கட்டி வந்தாலும் கார் உங்கள் பெயருக்கு வராது. பழைய உரிமையாளர் சம்மன் கட்டாவிட்டாலும், கார் காணவில்லை என்று போலீசில் புகார் செய்தாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். வாங்குவதற்கு முன் உரிமைப் பத்திரத்தில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது 'குளோன்' கார். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று 10 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பிறகு அழிக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டிய காரைக் கள்ளத்தனமாக இங்கே கொண்டு வந்து, இதே ரகக் கார் ஒன்றின் எண் தகட்டைப் பொருத்தி விற்பார்கள். ஜேபிஜே பிடித்தால் காரும் போகும், பணமும் போகும். சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் பத்திரத்தோடு பொருந்தாவிட்டால் பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சாதாரணக் காரின் கூரையை அறுத்து உருவாக்கியது. கஞ்சில் போன்ற சிறிய கார்களில் இந்த வேலை நடந்ததுண்டு. காரின் உடல் வலுவில் பெரும் பங்கு கூரைக்கு உண்டு. நிறுவனம் தயாரிக்கும் மடங்கும் கூரை காரில் அந்த இழப்பை ஈடுகட்டத் தரைப்பகுதியை வலுப்படுத்துவார்கள். பட்டறையில் அறுத்த காரில் அந்த வலு இருக்காது. மோதினால் உடல் மடங்கிவிடும். ஜேபிஜே அனுமதி இல்லாமல் இப்படி மாற்றம் செய்வது குற்றமும்கூட.

கல்யாணக் கார் கணக்கு

'வார இறுதியில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் செலவு தேறிவிடும்' என்பது பலர் போடும் கணக்கு. தனியார் காருக்கான காப்புறுதி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. உரிமம் இல்லாமல் வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். மணமக்கள் மடங்கிய கூரையின் மேல் உட்கார்ந்து ஊர்வலம் வருவதும் அழகுக்காக ஏற்கும் ஆபத்து. இருக்கை வார்ப்பட்டை இல்லாமல் போவது எந்தக் காரிலும் குற்றமே.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வயதான காருக்கு முழுக் காப்புறுதி தருவார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

வீட்டில் வேறு கார் இருப்பவர், ரொக்கமாக வாங்க முடிந்தவர், கூரையுள்ள நிறுத்துமிடம் உள்ளவர் ஆகியோருக்குப் பொருந்தும். வாங்கும் பணத்தோடு பழுது பார்ப்பதற்கென்று தனியாக ஒரு தொகையும் கையில் இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் இந்தக் காரை வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தால் கூரை நெடுநாள் தாங்காது.

வேலைக்குப் போக ஒரே கார்தான் என்றாலோ, குழந்தை பிறக்கப் போகிறது என்றாலோ தள்ளிப்போடுங்கள். 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயம். இரண்டு இருக்கை காரில் குடும்பமாகத் தைப்பூசத்துக்குப் பத்துமலை போக முடியாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை இந்தக் காரைக் கேட்டால் எடுத்த எடுப்பில் திட்டாதீர்கள். பத்திரம் யார் பெயரில், இஞ்சின் எத்தனை சிசி, பழுதுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால், நீங்களும் கூடப் போய்க் கூரையை மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்தால் பேரம் தொடங்கலாம். இல்லையென்றால் இருவரும் சேர்ந்தே திரும்பி வரலாம்.